மூட்டைக்கு எத்தனை லிட்டர்?

வீடு கட்டப் போகிறவர்கள் எங்களைப் போன்ற கட்டடத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். எந்த சிமெண்ட் நல்லது, எந்தக் கம்பி துருப்பிடிக்காது, பில்லருக்கு 12 எம்.எம். போதுமா 16 எம்.எம். வேண்டுமா, சதுர அடிக்கு என்ன வாங்குகிறீர்கள். எல்லாம் நியாயமான கேள்விகளே; பணம் அங்கேதான் போகிறது. ஆனால், சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்பவரைக் காண்பது அரிது. தண்ணீருக்கு விலைச்சீட்டு இல்லை என்பதால் அதற்கு அளவும் இல்லை என்றாகிவிட்டது. இந்தத் தொழிலில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: நம் ஊர் வெயிலிலும் மழையிலும் கடற்காற்றிலும் ஒரு காங்கிரீட் வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில் சிமெண்டின் பெயரைவிட, கம்பியின் தடிமனைவிடத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. கலவைக்குள் எவ்வளவு போகிறது, போட்ட பிறகு எத்தனை நாள் அதன்மேல் நிற்கிறது, அதற்கப்புறம் காலமெல்லாம் எப்படி விலக்கி வைக்கப்படுகிறது என்பவை சரியாக இருந்தால், நடுத்தர விலைப் பொருளே நன்றாக உழைக்கும். அங்கே தவறினால் எந்த விலை உயர்ந்த பொருளாலும் அதை ஈடுகட்ட முடியாது.

காங்கிரீட் வெயிலில் காய்ந்து கெட்டியாகிறது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. வேலை செய்பவர்களுக்கும் இருக்கிறது. களிமண் அப்படிக் கெட்டிப்படும். சிமெண்ட் அப்படியல்ல. அது தண்ணீரோடு வேதிவினை புரிந்து, நுண்ணிய படிகங்களாகவும் பசையாகவும் மாறி, மணலையும் ஜல்லியையும் ஒன்றோடொன்று கட்டிப் பிடிக்கிறது. இந்த வினைக்கு சிமெண்டின் எடையில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவான தண்ணீரே தேவை; 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 12 லிட்டர். உருவாகும் பசை தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்வதையும் சேர்த்தால் 19 லிட்டர் அளவுக்கு வரும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவை குழைந்து, தள்ளிப் பரப்ப வசதியாக இருப்பதற்காகத்தான். அந்த உபரித் தண்ணீரைச் சோற்றுக் கஞ்சி போல வடித்துவிட முடியாது. அது உள்ளேயே தங்கி, பிறகு மெல்ல ஆவியாகிப் போகும். போகும்போது தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுவிட்டுப் போகும். சிகாகோவின் லூயிஸ் இன்ஸ்டிட்யூட்டில் டஃப் ஏப்ரம்ஸ் எண்ணற்ற கலவைகளை உடைத்துப் பார்த்து 1918இல் சொன்னது இதைத்தான்: நல்ல ஜல்லியும் மணலும் கொண்டு, இடைவெளியில்லாமல் அடர்த்தியாகப் போடப்பட்ட காங்கிரீட்டின் வலிமை, தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. நூறாண்டுக்குப் பிறகும் கலவை வடிவமைப்பின் அடித்தளம் அதுவே. மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றிய கலவையையும், அதே சிமெண்ட் அதே ஜல்லியில் 35 லிட்டர் ஊற்றிய கலவையையும் 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்தால், இரண்டாவது கலவையின் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். விலைச்சீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

நம் தளங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மணலையும் ஜல்லியையும் பாண்டு கணக்கில் எண்ணிப் போடுகிறார்கள். சிமெண்ட் மூட்டைக் கணக்கு. தண்ணீர் மட்டும் டியூப் வழியாக, மிக்சர் ஓட்டுபவரின் கண் கணக்கில் விழுகிறது. எம்-20 தரத்துக்கான 1:1½:3 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 சொல்கிறது. அதே நூலின் நீடிப்பு அட்டவணை இன்னும் கண்டிப்பானது: மிதமான பாதிப்புள்ள சூழலில் கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு விகிதம் 0.50, அதாவது 25 லிட்டர். கடுமையான சூழலில் 0.45, அதாவது 22½ லிட்டர். இந்தக் கணக்கில் மணலின் ஈரமும் அடக்கம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மூட்டைக்குப் போகும் மணல் ஏறக்குறைய 80 கிலோ. மழை பெய்த மறுநாள் அதில் ஐந்து சதவீதம் ஈரம் இருந்தால், யாரும் ஊற்றாமலே நான்கு லிட்டர் உள்ளே போய்விட்டது. போதாக்குறைக்கு ஈர மணல் உப்பும். கால் பங்குவரைகூடப் பருமன் கூடித் தெரியும். பாண்டு நிறைந்திருக்கும், மணல் குறைந்திருக்கும். ஆற்று மணல் அரிதாகி எம்-சாண்ட் வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. சரியாகக் கழுவிச் சலித்த எம்-சாண்ட் நல்ல பொருள். அதன்மேல் இருக்கும் பொதுவான அவநம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று இறக்கினால், அந்தத் தூள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், கலவை இளகாது, டியூப் மறுபடி திறக்கப்படும். மணலைக் கையில் எடுத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் மாவு போல ஒட்டுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனைதான். அதற்குக்கூட நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இதற்குக் கொத்தனார்கள் சொல்லும் மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. "கட்டிக் கலவை கம்பிக்கு நடுவில் இறங்காது சார், பலகையைப் பிரித்தால் ஜல்லி ஜல்லியாகத் தெரியும்" என்பார்கள். உண்மை. நெருக்கமாகக் கம்பி கட்டிய பில்லரும் பீமும் சேருமிடத்தில் வறண்ட கலவை தொங்கி நின்றுவிடும். காற்று இடைவெளி ஐந்து சதவீதம் இருந்தாலே வலிமையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். அங்கே தண்ணீரைக் குறைத்ததால் கிடைத்த லாபமெல்லாம் கரைந்துவிடும். ஏப்ரம்ஸின் விதியிலேயே அடர்த்தியாகப் போடப்பட்ட காங்கிரீட் என்ற நிபந்தனை இருப்பது இதனால்தான். ஆனால் கலவை இறங்கவில்லை என்பதற்கு மருந்து தண்ணீர் அல்ல. வைப்ரேட்டர் இருக்கிறது, ஊசியை நெட்டுக்குத்தாக இறக்கி, குமிழி நிற்கும்வரை பிடித்து, மெதுவாக எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். முக்கால் இஞ்ச் ஜல்லியோடு அரை இஞ்ச் ஜல்லியையும் சேர்த்தால் இடைவெளி நிரம்பி, கலவை எளிதாக நகரும். தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் திரவங்கள் மூட்டைக்குச் சில நூறு மில்லி லிட்டர் கணக்கில் கிடைக்கின்றன. கம்பி அத்தனை நெருக்கமாக இருந்தால் வரைபடத்தையே திருத்த வேண்டும். போட முடியாத ஒன்றைக் காகிதத்தில் வரைந்துவிட்டு, அந்தச் சுமையைக் கொத்தனார் தலையில் வைப்பது வடிவமைப்பாளரின் தவறு. நம் தளங்களில் தண்ணீர் கூடுவதற்குப் பாதிக் காரணம், வேலை செய்பவர்களுக்கு நாம் வேறு வழி எதையும் கையில் கொடுக்காததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரெடிமிக்ஸ் லாரியில் வரும் காங்கிரீட் ஓடுகிற மாதிரி வருகிறதே, அது மட்டும் எப்படி நல்லது என்றும் கேட்பார்கள். அந்த ஓட்டம் இளக்கும் திரவத்தால் வந்தது. சிமெண்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் அது பிரித்து வைக்கிறது, அதனால் குறைந்த தண்ணீரிலேயே கலவை வழுக்கி நகர்கிறது. கெடுதல் நேர்வது லாரி நெரிசலில் சிக்கித் தாமதமாகி, கலவை இறுகத் தொடங்கிய பின் பம்பில் ஏறாது என்று டிரம்முக்குள் தண்ணீர் அடிக்கும்போதுதான். அந்த நிமிடத்திலேயே சீட்டில் எழுதியிருக்கும் தரம் பொய்யாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், தண்ணீர் கூடிவிட்டால் கூடுதலாக ஒரு மூட்டை சிமெண்ட் போட்டு சரிக்கட்டலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். விகிதம் மீளும், மறுக்கவில்லை. ஆனால் பசை கூடினால் சுருக்கமும் கூடும், வெடிப்பும் வரும், செலவும் ஏறும். கம்பியைக் கூட்டிப் போடுகிறோம் என்பது அதைவிட மோசமான சமாதானம். துளை நிறைந்த காங்கிரீட்டுக்குள் கம்பியைக் கூட்டுவது, துருப்பிடிக்கப் போகும் இரும்பைக் கூட்டுவதுதான்.

இனி, போட்ட பிறகு ஊற்ற வேண்டிய தண்ணீர். கலவையில் கூடக் கூடாத தண்ணீர் இங்கே குறையக் கூடாது. இரண்டையும் தலைகீழாகச் செய்வதே நம் வழக்கமாக இருக்கிறது. சிமெண்டின் வினை ஒரு நாளில் முடிவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கிறது. உள்ளே ஈரம் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் வினை அப்படியே நின்றுவிடும். வினை தொடரத் தொடர, படிகங்கள் வளர்ந்து துளைகளுக்கு இடையிலான வழிகளை அடைக்கும். அந்த வழிகள் எப்போது அடைபடும் என்று அமெரிக்காவின் டி.சி. பவர்ஸும் உடன் பணியாற்றியோரும் 1959இல் கணக்கிட்டார்கள். விகிதம் 0.45 என்றால் ஈரத்தில் வைத்த ஏழு நாளில் அடைபடும். 0.50 என்றால் 14 நாள். 0.60 என்றால் ஆறு மாதம். 0.70 என்றால் ஒரு வருடம். அதற்கு மேல் போனால் எத்தனை காலம் தண்ணீர் விட்டாலும் அடைபடாது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறில்லை. கலவையில் தாராளமாக ஊற்றிவிட்டுப் பிறகு பத்து நாள் பாத்தி கட்டி நனைத்தாலும் ஏன் கூரை ஒழுகுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

சிமெண்ட் இப்போது நல்ல தரம், மூன்று நாளே போதும் என்று சொல்வதைக் கேட்கிறோம். நிலைமை இதற்கு நேர்மாறானது. இன்று வீட்டு வேலைக்கு விற்பதில் பெரும்பகுதி பி.பி.சி.; அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்து அரைத்தது. சிமெண்ட் வினையில் வெளிவரும் சுண்ணாம்போடு அந்தச் சாம்பல் பிறகுதான், அதுவும் நிதானமாக, சேர்கிறது. சேர்ந்து முடித்தால் காங்கிரீட் பழைய சிமெண்டைவிட இறுக்கமாகவும் உப்பைத் தாங்குவதாகவும் இருக்கும். அதுவரை ஈரம் நின்றாக வேண்டும். ஐ.எஸ். 456, உலர்ந்த வெப்பமான இடங்களில் சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்றும், கலப்பு சிமெண்டுக்கு 14 நாள்வரை நீட்டிக்கலாம் என்றும் சொல்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் நம் ஊர் இதில் எந்த வகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைவிடக் காற்று இன்னும் ஆபத்தானது. ஆடிக்காற்றில் போட்ட தளத்தின் மேல்தோல் சில மணி நேரத்திலேயே உலர்ந்து, மயிரிழை வெடிப்புகள் ஓடும். மறுநாள் காலை பாத்தி கட்டுவதால் அவை மூடுவதில்லை. போட்டு மட்டம் தட்டியதும் பிளாஸ்டிக் தாளை மூடி, இறுகியதும் பாத்தி கட்டுவதே சரி. தளத்துக்காவது பாத்தி கட்டுகிறார்கள். வீட்டின் மொத்தப் பளுவையும் தாங்கும் பில்லருக்கு, பலகை பிரித்ததும் காலையும் மாலையும் இரண்டு வாளி வீசுவதோடு கடமை முடிகிறது. அது நிமிடத்தில் வழிந்து, மணி நேரத்தில் உலர்ந்துவிடும். சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி நனைத்து வைத்தால் நாள் முழுக்க ஈரம் நிற்கும். சாக்குக்கு ஆகும் செலவு, அந்த பில்லருக்குள் போன கம்பியின் செலவில் ஒரு துளிகூட இல்லை.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் காங்கிரீட்டுக்கு எங்கே போவது என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தப் பொறியாளரும் எளிதாகப் பேசியிருக்க முடியாது. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் சதுர அடித் தளத்தில் ஒரு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த ஏறக்குறைய 2,300 லிட்டர். நாளொன்றுக்கு 8 மில்லி மீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் தினமும் 750 லிட்டர் சேர்க்க வேண்டும். பத்து நாளுக்கும் சேர்த்தால் பத்தாயிரம் லிட்டருக்குள். ஒரு பெரிய லாரித் தண்ணீருக்கு உள்ளே அடங்குகிறது. சாக்கையோ வைக்கோலையோ பரப்பி நனைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை மூடினால் இதிலும் பெரும்பகுதி மிஞ்சும். உண்மையான ஆபத்து தண்ணீர்ப் பஞ்சத்தில் அல்ல, அதை ஒட்டி வரும் உப்புத் தண்ணீரில் இருக்கிறது. கடலோரத்திலும் இராமநாதபுரம் போன்ற பகுதிகளிலும் போர் போட்டால் பல இடங்களில் உவர்நீர்தான். அதையே கலவைக்கும் ஊற்றுகிறார்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. கார அமிலக் குறியீடு 6க்குக் குறையக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் கொஞ்சமே இருந்தால் அது முதலில் கலவைக்குப் போக வேண்டும், பிறகுதான் போட்ட காங்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கு. உப்பு எந்த அளவுக்கு இரும்பைத் தின்னும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது: காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், துருப்பிடித்தலை ஆராய்வதற்கென்றே மண்டபம் கடற்கரையில் நிலையம் வைத்திருக்கிறது.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும். நல்ல காங்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. குறியீடு 12½க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துருவை வரவிடாமல் தடுக்கிறது. துளைகள் வழியாகக் காற்றிலுள்ள கரியமில வாயு நுழைந்து அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். கடலோரத்தில் காரம் இருக்கும்போதே குளோரைடு படலத்தைக் குத்திவிடும். பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் போதும். துருவின் பருமன் இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு என்பதால், அது உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. சன்ஷேட், பால்கனி விளிம்பு, கழிப்பறைத் தளத்தின் அடிப்பக்கம் ஆகியவை முதலில் உதிர்வதற்கு இதுவே காரணம். அவை மெல்லியவை, ஈரம் நிற்பவை. கம்பிக்கு வெளியே போதிய காங்கிரீட் கவர் இருக்கும்படி கம்பியைத் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கின் அருமை இங்கே தெரியும். கரியமில வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. ஆகவே 20 மில்லி மீட்டர் கவர் 10 மில்லி மீட்டராகக் குறைந்தால் கம்பியைத் தொடும் காலம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. நாற்பது ஆண்டு பத்தாண்டாகிவிடும். கவர் பிளாக்குக்குப் பதில் ஒரு ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பதும், கட்டி வைத்த கம்பியின்மேலேயே பாண்டு சுமந்து நடப்பதும் இந்தக் கணக்கில் எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள்.

சுண்ணாம்பில் கட்டிய தாத்தா வீடு நூறு வருடம் நிற்கிறது, காங்கிரீட் முப்பது வருடத்தில் உதிர்கிறது, ஆகவே பொருளே கோளாறு என்ற வாதம் இப்போது வலுத்து வருகிறது. பழைய கட்டுமானத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த வீடுகள் நின்றதற்குச் சுண்ணாம்பு மட்டும் காரணமல்ல. அவற்றின் சுவருக்குள் துருப்பிடிக்க இரும்பு இல்லை. தரைமட்டம் உயர்ந்திருந்தது, அதனால் ஓதம் ஏறவில்லை. ஓட்டுக் கூரை சரிந்து, தாழ்வாரம் நீண்டு, மழை சுவரைத் தொடாமல் போயிற்று. மெட்ராஸ் டெரஸ் போன்ற தட்டைக் கூரைகளில்கூட, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, வாட்டம் பார்த்தே முடித்தார்கள். அதாவது தண்ணீரை விலக்கும் கலையை அவர்கள் கூரையிலேயே கட்டி வைத்தார்கள். நாம் காங்கிரீட் வந்ததும் அந்தப் பாடத்தை விட்டுவிட்டோம். மொட்டை மாடியில் பத்து அடிக்கு ஒன்றரை இஞ்சாவது வாட்டம், அதன்மேல் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும், சன்ஷேட்டின் அடி விளிம்பில் சொட்டு நீர் சுவருக்குத் திரும்பாமல் தடுக்கும் சிறு பள்ளம், கழிப்பறைத் தளத்தில் ஓடு ஒட்டுவதற்கு முன் நீர்த்தடைப் பூச்சும் தண்ணீர் நிறுத்திச் சோதனையும், சாலை உயர்ந்தாலும் தாழாத தரைமட்டம். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல, எதுவும் பெரிய செலவும் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டைக் காப்பது இவைதான். முகப்பில் ஒட்டும் கல்லும் கண்ணாடியும் அல்ல.

எனவே வீடு கட்டப் போகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒப்பந்தம் எழுதும்போது சிமெண்ட், கம்பி பெயர்களோடு மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதையும் எழுதுங்கள். தளம் போடும் நாளில் மிக்சருக்குப் பக்கத்தில் அளவுக் கோடு போட்ட ஒரு வாளியை வைக்கச் சொல்லுங்கள். டியூப் அந்த வாளிக்குள் மட்டும் விழட்டும். மழை பெய்திருந்தால் மணலின் ஈரத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு பத்து முதல் 14 நாள் யார் தண்ணீர் விடுவது, அதற்கு யார் கூலி கொடுப்பது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். அந்த வேலை யாருடைய கணக்கிலும் இல்லாததால்தான் பெரும்பாலான தளங்களில் மூன்றாம் நாளே நின்றுவிடுகிறது.